முதுகில் ஒரு ஸ்டூல்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆடித் தள்ளுபடி ஒருவழியாக முடிந்தது. இன்று எனக்கு வார விடுமுறை. துணி துவைத்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட பிறகு விடுதிக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எண்ணெய்த் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து வேலையைப் பற்றி யோசித்தேன்.

தீபாவளிக்குக் கடையின் கண்ணாடி ஜன்னல்களில் என்ன வைப்பது என்று நான் சொல்ல வேண்டும். தி.நகரில் ஆறு மாடிக்குச் சேலை விற்கிற எங்கள் கடையில் பொம்மைகளுக்குச் சேலை கட்டி நிறுத்துகிறவள் நான் ஒருத்திதான். அதற்கென்று டிப்ளமோ படித்தவள். "ரெண்டு வருஷமா மயிலே வச்சிட்டு இருக்கியேம்மா, வேற ஏதாவது பாரு" என்கிறார் முதலாளி அண்ணாச்சி. மயில் வைக்கச் சொன்னதே அவர்தான்.

போனில் வெளிநாட்டுக் கடை ஜன்னல்களைத் தேடிக்கொண்டே போனதில் ஒரு பேட்டி வந்து நின்றது. வெர்னா டூலி என்று ஒரு கறுப்பினப் பெண் கலைஞர். அமெரிக்காவில் தெற்குப் பக்கம். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். உடம்பில் மாட்டிக்கொள்கிற பொருட்களைச் செய்கிறார். உடை என்று சொன்னால் போதாது. ஒரு நீளமான கோட்டு, அதன் முதுகில் முழு அளவுக்கு ஒரு கதவு. அவருடைய அம்மா ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயுள் முழுக்கச் சமைத்தவராம். ஒருநாள்கூட அந்த வீட்டின் முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. மகள் அந்தப் பின்கதவைத் துணியிலும் மெல்லிய பலகையிலும் செய்து முதுகில் மாட்டிக்கொண்டு, ஊரில் எங்கெல்லாம் பெரிய முன்வாசல் இருக்கிறதோ அங்கெல்லாம் நுழைகிறார். கதவு நிலையில் இடிக்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்து, எப்போதும் தாழ் போட்டே வைத்திருக்கிற இன்னொரு கதவையும் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அதுவரை அவர் கொஞ்சமும் அவசரப்படாமல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரியாமல் இத்தனை நாளும் மயில் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இசக்கியக்காவுக்கு வீடியோவைக் காட்டினேன். அக்கா கடை விடுதியில் என் அறையில் பக்கத்துக் கட்டில். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரி. முதல் மாடியில் பட்டுச் சேலை காட்டுகிறாள். வருகிறவள் எந்தக் கலரில் விழுவாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இங்கிலீஷ் வராது என்பதால் நான் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"சமையக்காரி மவளா அது?"

"ஆமாக்கா."

"இது என்ன, நம்மூர்ல இல்லாத கதையா" என்றாள். போனைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "அந்தம்மா காலப் பாரு. எவ்வளவு சௌரியமா செருப்பு போட்டுருக்கு" என்றாள்.

நான் கதவைக் காட்டினால் இவள் செருப்பைப் பார்க்கிறாள். ரசனை எல்லோருக்கும் வந்துவிடாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்கா இன்று விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். அந்தப் பக்கம் எனக்குப் பட்டன் வாங்குகிற வேலை இருந்தது.

டாக்டரம்மா அக்காவின் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். கீழே இறங்கின ரத்தம் மேலே ஏற மாட்டேன் என்கிறதாம். இப்படியே நின்றுகொண்டிருந்தால் கணுக்காலில் புண் வருமாம். வந்தால் லேசில் ஆறாதாம். "நடுநடுவுல உக்காந்து வேலை பாருங்கம்மா" என்றார்.

"சேலக் கடைம்மா" என்றாள் அக்கா. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஓ" என்றார்.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்களாகின்றன. எங்கள் கடையிலும் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். போட்ட வாரமே அதன் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று கட்டு இறங்கும். அவர் படியிறங்கியதும் கட்டு ஏறிக்கொள்ளும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பொம்மை அறையில் எனக்கென்று ஸ்டூல் இருக்கிறது.

பட்டன் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

டாக்டர் சொன்னதை அக்கா பால்துரை அண்ணனிடம் சொன்னாள். அவர்தான் முதல் மாடிக்கு சூப்பர்வைசர். "முடியலன்னா ஊருக்குப் போயி கால சரி பண்ணிட்டு வாங்க இசக்கி. தீபாவளி சீசன்ல நிக்க முடியாத ஆள வச்சிகிட்டு நான் என்ன செய்ய?" என்றாராம்.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் யாரையும் நான் இந்தக் கடையில் பார்த்ததில்லை. அடுத்த வாரமே அந்த இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்பாள். அக்காவுக்குப் புருஷன் இல்லை. மகள் தாய்மாமன் வீட்டில் இருந்துகொண்டு பன்னிரண்டாவது படிக்கிறாள். தீபாவளிக் கூட்டத்தில் நின்றால் அக்காவுக்குக் கால் போகும், நிற்காவிட்டால் வேலை போகும். இதில் எதைப் போகவிடுவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு என்ன தெரியும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெர்னா டூலியை நினைத்துக்கொண்டு ஒரு கோட்டு வரைந்தேன். முதுகில் கதவு, பித்தளைக் குமிழ், எல்லாம் அமர்க்களமாக வந்திருந்தது. இதை முதல் மாடிப் பெண்கள் போட்டுக்கொண்டு நின்றால் கடையே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். மத்தியானம் கடைக்குப் போய் மெகருன்னிசாவிடம் காட்டினேன். தரைத்தளத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள், வண்ணாரப்பேட்டைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"கதவு எதுக்குடி? கடைக்குள்ள வுடமாட்டேன்னு உன்னாண்ட யார் சொன்னாங்க? வெளிய வுடறதுக்குத்தான் இவனுங்களுக்கு மனசு வராது."

இசக்கியக்காவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் படத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். சாப்பிடும்போது யோசித்தால் அவள் சொன்னது சரிதான். அந்தக் கதவு வெர்னா டூலியின் அம்மாவுடையது. அதை நான் முதுகில் மாட்டிக்கொள்வது, பக்கத்து வீட்டுச் சாவில் போய் முன்வரிசையில் உட்கார்ந்து அழுகிற மாதிரி.

"அப்ப நமக்கு என்னதான்க்கா வேணும்?"

"உக்கார இடம்" என்றாள் அக்கா. இதைக் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி பார்த்தாள்.

உடனே நாற்காலி ஒன்று வரைந்தேன். கைப்பிடியில் சிங்க முகம், சாய்மானத்தில் அன்னப்பறவை. அக்கா பார்த்துவிட்டு, "இது யாருக்குட்டி, பாண்டிய ராஜாவுக்கா? ஸ்டூல் போதும். மேல ஒரு பலக, கீழ நாலு காலு" என்றாள்.

அப்போதுதான் அது வந்தது. யூனிஃபார்ம் சேலையின் பின்பக்கத்தில், உட்காருகிற இடத்தில் துணியில் வெட்டித் தைத்த ஒரு பலகை. அங்கிருந்து சேலைக் கரை வரைக்கும் கால்கள். அவள் நிற்கிற வரைக்கும் ஸ்டூல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். உட்கார்ந்தால் துணியோடு மடிந்து காணாமல் போய்விடும். இதை யோசித்த பிறகு எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

மானம் போயிற்று.

காலையில் கடை திறக்கும் முன் ஒரு மெரூன் யூனிஃபார்ம் சேலையைப் பொம்மைக்குக் கட்டி, ஸ்டூல் எங்கே வரும் என்று குறிக்கப் பொம்மையைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கிளிப்பும் குண்டூசியும். பொம்மையின் முதுகு எப்போதும் சுவர்ப் பக்கம் இருக்கும். அதனால் மிச்சத் துணியை எல்லாம் பின்னால் சுருட்டிக் கிளிப் போட்டு நிறுத்திவிடுவேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். சரி, உத்தேசமாக வைப்போம் என்று சேலையைத் தரையில் விரித்து, கண்ணளவாக ஒரு இடத்தில் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தேன்.

அக்கா கட்டிக்கொண்டு வந்தாள். பலகை வலது இடுப்பில் தொங்கியது. ஒரு கால் முன்கொசுவத்துக்குள் போயிருந்தது. இன்னொன்று எங்கே என்றே தெரியவில்லை. "ஸ்டூலு தண்ணி போட்டுகினு வந்துகுது" என்றாள் மெகருன்னிசா. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சேலை கட்டிவிடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேலைக்கு முதுகு உண்டு என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாலையில் ஆறுதலுக்காக வெர்னா டூலியின் வீடியோவை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கதவில் ஒரு இடத்தில் மட்டும் வர்ணம் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது. கைப்பிடிக்குப் பக்கத்தில் இல்லை, இடுப்பு உயரத்தில். அவருடைய அம்மா இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வருவாராம், அதனால் கதவை இடுப்பால் இடித்துத் திறப்பாராம். மகள் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த இடம் எது என்று பார்த்துத் தேய்த்திருக்கிறார். எத்தனை பேர் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே செய்திருக்கிறார். இந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விடுமுறை எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாளாகக் காலையில் கடை திறக்கும் முன் பெண்கள் ஒவ்வொருவராகப் பொம்மை அறைக்கு வருகிறார்கள். தாங்கள் தினமும் கட்டுகிற மாதிரியே சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி நிறையக் கொசுவம் வைக்கிறாள், இன்னொருத்தி குறைவாக. ஒருத்தி தூக்கிக் கட்டுகிறாள், இன்னொருத்திக்குத் தரையைக் கூட்ட வேண்டும். அதனால் பின்பக்கத்துக்கு வருகிற துணி ஆளுக்கு ஆள் வேறு. அவரவர் உடம்பில் வைத்துத்தான் குறிக்க முடியும்.

நான் அவர்களுக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு சாக்பீஸால் கோடு போடுகிறேன். மூன்று வருஷமாக ஒரே விடுதியில் இருக்கிறோம். இவர்களுடைய கால்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குதிகால் பிளந்து, அதில் மெழுகை உருக்கி ஊற்றி வைத்திருக்கிறார்கள். கணுக்கால் வீங்கிக் கொலுசு இறங்கிய தடம் அப்படியே நிற்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்கும் நரம்பு பச்சையாகப் புடைத்திருக்கிறது. கடைசியாக இசக்கியக்கா வந்தாள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடக்கிறது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப்போயிருக்கிறது.

"என்னட்டி, ஒரு கோடு போட இவ்வளவு நேரமா?"

"அசையாம நில்லுக்கா."

கோடு கோணலாகப் போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, அதனால்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

துணிக்கு என்ன செய்வது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். மெகருன்னிசா தன் மிஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய ஃபால்ஸ் துணியைக் காட்டினாள். சேலையின் அடியில் கரை கெடாமல் இருக்க உள்பக்கமாக வைத்துத் தைக்கிற அந்த நீளப் பட்டைதான். ஸ்டூல் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. சந்தன நிறம் எடுத்தோம். மெரூன் மேல் எடுப்பாகத் தெரிகிறது.

முதல் சேலை சுருங்கிவிட்டது. "தண்ணில போட்டுக் காய வச்சுத் தெக்கணும்டி. டிப்ளமோல இத சொல்லித்தரலயா?" என்றாள். பிறகு மிஷின் வேண்டாம், கையால் ஓடுதையல் போடுவோம், தேவைப்பட்டால் ஒரே இழுப்பில் பிரித்துவிடலாம் என்று நான் சொன்னேன். இந்த யோசனையை அவள் மறுப்புச் சொல்லாமல் ஒப்புக்கொண்டாள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்றாம் மாடிப் பெண்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்றேன். இசக்கியக்கா என்னைத்தான் திட்டினாள். "உனக்கு செங்கல்பட்டுல அப்பா இருக்காவ, அம்மா இருக்காவ. வேல போனா பஸ் ஏறிப் போயிருவ. அவ எங்கட்டி போவா?"

முதல் மாடி மட்டும் போதும் என்று முடிவாயிற்று.

செப்டம்பர் 22, திங்கள்

ஜன்னலில் மயிலே வைத்துவிட்டேன். வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. அண்ணாச்சி பார்த்துவிட்டு, இது போன வருஷத்து மயிலைவிட நன்றாக இருக்கிறது என்றார். அதே மயில்தான்.

அக்டோபர் 1, புதன்

கடையில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல். மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். அக்கா ஒரு தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கும்போது நான் கை கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கிறபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காலைப் பிரார்த்தனைக்கு முதல் மாடியில் எல்லோரும் ஸ்டூல் தைத்த சேலையோடு வரிசையாக நின்றார்கள். முகம் பால்துரை அண்ணனைப் பார்த்து, முதுகு அலமாரியைப் பார்த்து. அவர் அன்றைய விற்பனை இலக்கைப் படித்தார். ஒருவருடைய முதுகையும் அவர் பார்க்கவில்லை. நான் படிக்கட்டுப் பக்கம் இருந்த பொம்மைக்குச் சேலை மாற்றுகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டேன்.

கதவு திறந்ததும் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இசக்கியக்காவின் கவுண்டரில் உட்கார்ந்தது. பெண்ணின் அம்மா கண்ணாடி போட்டவர், அதட்டலான குரல். "அந்த மேல் தட்டுல இருக்கற ராமர் கலரை எடும்மா" என்றார். அக்கா திரும்பினாள்.

கோஷ்டி முழுக்க அவள் பின்பக்கத்தைப் பார்த்தது.

"என்னம்மா இது, சேலையில ஸ்டூல் போட்டிருக்கு? புது மாடலா?"

"மாடல் இல்லம்மா" என்றாள் அக்கா, ராமர் கலரை விரித்துக்கொண்டே. "நாங்க உக்கார்ற ஸ்டூலு."

"எங்க உக்கார்ற? நின்னுட்டுல்ல இருக்க?"

"நிக்கதுனாலதான் தெரியுதும்மா. உக்காந்தா மறைஞ்சிரும்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது எப்படி மறையும்? எங்க, காட்டு பாப்போம்."

இப்படி ஆகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கேள்வி கேட்பார்கள், பால்துரை அண்ணன் வந்து கத்துவார், நாங்கள் அழுவோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சேலைக் கடைக்கு வருகிற பெண்கள் எதையும் சொன்னால் நம்ப மாட்டார்கள். விரித்துக் காட்ட வேண்டும். அவர்கள் காட்டச் சொன்னதைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல இந்தத் தெருவில் ஒரு கடைக்கும் தைரியம் கிடையாது.

பால்துரை அண்ணன் வந்துவிட்டார். அக்காவின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது.

"அண்ணே, அம்மா காட்டச் சொல்லுதாவ" என்றாள் அக்கா. "ஸ்டூல் மேல கட்டு கெடக்கு."

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். பின்னால் கல்யாணக் கோஷ்டி முழுக்கக் காத்திருந்தது. பால்துரை அண்ணன் குனிந்து, தன் கையாலேயே கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

அக்கா அவர்களுக்கு முதுகு காட்டி மெல்ல உட்கார்ந்தாள். பலகை மடிந்தது, கால்கள் உள்ளே போயின. வெறும் மெரூன் சேலைதான் மிச்சம்.

"அட" என்றார் அந்த அம்மா. "சரி, எழுந்திரிக்காத. திரும்பி உக்காந்து அப்படியே காட்டு. இவ்வளவு நேரம் உன்ன அண்ணாந்து பாத்து எனக்கும் கழுத்து வலிக்குது."

அக்கா திரும்பி உட்கார்ந்து ராமர் கலரை மடியில் வைத்து விரித்தாள். பக்கத்துக் கவுண்டரில் ஒரு பெண், "உங்க ஸ்டூலும் மறையுமா?" என்று கேட்டாள். அங்கேயும் கட்டு இறங்கியது. மத்தியானத்துக்குள் முதல் மாடியில் ஒரு ஸ்டூலிலும் கட்டு இல்லை.

வெர்னா டூலி வாசலில் அவசரப்படாமல் நிற்பாரே, அந்த நிதானத்தை உலகத்தில் வேறு யாரிடமும் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தேன். இன்று பார்த்தேன். அக்கா உட்கார்ந்திருந்தபோது எவ்வளவு அழகாக இருந்தாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நெற்றியில் எப்போதும் இருக்கிற அந்தச் சுருக்கம் இல்லை. கண்ணுக்கு நேர் கண்ணாகப் பார்த்துப் பேசினாள். என் பொம்மை சாயங்காலம் வரைக்கும் பாதிச் சேலையோடு நின்றது.

அக்டோபர் 6, திங்கள்

அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நானும் பதினாலு வயசுல இருந்து நின்னு வந்தவன்தான். கடையில ஆளு உக்காந்திருந்தா உள்ள வாரவன் யோசிப்பான்னு எங்க ஐயா சொல்லுவாரு. நேத்து அந்தக் கல்யாண வீட்டு அம்மா கல்லாவுல வந்து, 'உங்க ஆளு உக்காந்து காட்டுனதுல நிம்மதியா எடுத்தோம்'னு சொல்லிட்டுப் போறாவ. நான் என்ன சொல்ல?" மேஜையில் இருந்த பேனாவை மூடினார். "ஸ்டூல் மேல இனி கட்டு வைக்கக் கூடாதுன்னு பால்துரைகிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கே அந்தத் துணியெல்லாம் பிரிச்சிருங்க. ஆனா ஒண்ணு. என் கடைக்குள்ள இருந்துகிட்டே இத யோசிச்ச ஆளு இங்க வேண்டாம். யாரு அது?"

இசக்கியக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். "நான்தான் அண்ணாச்சி."

எனக்கு வந்ததே கோபம். மூன்று வாரம் மண்டியிட்டு அளவெடுத்தது நான், கோடு போட்டது நான். என் டிசைனுக்கு இன்னொருத்தி பேர் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "அவங்களுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது அண்ணாச்சி. இது என்னுது" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டேன்.

அண்ணாச்சி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "மயிலு வைக்கத் தெரியும்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு, விடுதி அறையை நாளைக்குள் காலி செய்யச் சொன்னார்.

எனக்கும் அந்தக் கடை அலுத்துத்தான் போயிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

மெகருன்னிசாவின் வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா பெட்டியை அடுக்கிக் கொடுத்தாள். பஸ் வரும்போது, "கிறுக்கி" என்றாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிரியாணி.

நவம்பர் 9, ஞாயிறு

வளசரவாக்கத்தில் நாடகக்காரர்களுக்கு உடை தைக்கிற இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே நடிகர்கள் திரும்பி நிற்பார்கள் என்பதால் முதுகையும் பார்த்துத் தைக்கிறேன்.

இன்று விடுமுறை. கடைக்குப் போனேன். முன்வாசல் வழியாக, கஸ்டமராக. பால்துரை அண்ணன் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். பிறகு வேறு வழியில்லாமல், "வாங்க மேடம், முதல் மாடியா?" என்றார். மேடம்.

இசக்கியக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கொடுத்த காலுறை போட்டிருந்தாள். புண் வரவில்லையாம், கறுப்புக்கூடக் கொஞ்சம் தெளிகிறதாம், மெகருன்னிசா சொல்லியிருந்தாள். என்னைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் சிரிக்கவில்லை.

"என்ன பாக்குதிய மேடம்?"

"பட்டு காட்டுங்க."

"எடுப்பியளா, பொழுது போகாம வந்தியளா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுக்க எழுந்து திரும்பினாள். பின்பக்கம் வெறும் மெரூன். தையல் போட்ட தடம்கூட இல்லை, அவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள். என் கையால் செய்ததிலேயே நல்லது அதுதான், அது இருந்த இடம் தெரியவில்லை. ஒரு நிமிஷம் வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அக்கா சேலையோடு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் சேலை பார்த்தேன். ஒன்றும் வாங்கவில்லை. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.